யூரியாவை ‘கட்’ பண்ணிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு லாரி உரிமையாளர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கிளீனராக ஏறி, டிரைவராகி, 2012-இல் கடன் வாங்கிச் சொந்தமாக 12 சக்கர வண்டி எடுத்தவர். 2018-இல் இரண்டாவது, 2021 கடைசியில் மூன்றாவதாக 14 சக்கர பி.எஸ்.6 வண்டி (பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த அளவுகோல்; எண் ஏற ஏற விதி கடுமை). முதல் இரண்டுக்கும் டிரைவர் போட்டிருக்கிறார். மூன்றாவதை அவரே ஓட்டுகிறார்; முடியாத நாளில் மைத்துனர் ஓட்டுகிறார். சேலத்து ஜவ்வரிசியை வடக்கே ஏற்றிப் போவதும், அங்கிருந்து கிடைத்த லோடோடு திரும்புவதும்தான் குடும்பத்தின் வருமானம்.

அவருடைய கவலைகள் மூன்று. ஒன்று, 2012 வண்டிக்கு அடுத்த வருடம் 15 வயது ஆகிறது. “சர்க்காரே பிடுங்கி உடைச்சிரும், இப்பவே கொடுத்திருங்க” என்று ஒரு புரோக்கர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். இரண்டு, டெல்லிக்குப் பழைய வண்டி எதுவுமே போக முடியாது என்று புக்கிங் ஆபீஸில் சொல்கிறார்கள். மூன்றாவதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. பி.எஸ்.6 வண்டியில் போன தீபாவளியிலிருந்து செக் லைட் எரிகிறது, பிக்கப் குறைகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போய்விட்டார். மூன்றாவது முறை, “தரமில்லாத யூரியா ஊற்றியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்று 68,000 ரூபாய் பில். (புகையைச் சுத்தம் செய்ய இந்த வண்டிகளில் தனி டேங்கில் ஊற்றும் கரைசல்தான் இந்த யூரியா.) பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் 30,000 ரூபாய்க்கு ‘யூரியா கட்’, அதாவது யூரியா இல்லாமலே வண்டி ஓடும்படி, செய்து தருகிறேன் என்கிறார்கள். 5,000 முன்பணமும் கொடுத்துவிட்டார். “லோடோட மேட்டுல வண்டி ஊர்ந்துச்சு, பின்னால வந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டறான். சொந்த வண்டியில உட்கார்ந்து அழுதேனுங்க வக்கீலம்மா” என்று எழுதியிருக்கிறார்.

வணக்கம்ங்க அண்ணா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பழைய வண்டியைப் பற்றி நீங்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறீர்கள். புது வண்டியில் கை வைப்பதைப் பற்றி உங்களுக்குப் பயமே இல்லை. சட்டம் நிற்பது இதற்கு நேர் எதிராக. அதனால் முதலில் பழைய வண்டியை முடித்துவிட்டு, முக்கியமானதற்கு வருகிறேன்.

2012 வண்டியை யாரும் பிடுங்கி உடைக்க முடியாது

15 வருடம் ஆனால் லாரியைக் கட்டாயமாக உடைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் தனியார் வண்டிகளுக்கு இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் கடந்த வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று வந்த விதி, அரசு வண்டிகளுக்கானது. அந்தச் செய்தியைத்தான் புரோக்கர்கள் பாதியாக வெட்டி உங்களிடம் விற்கிறார்கள். உங்கள் வண்டிக்கு எப்.சி. (ஓடத் தகுதியானது என்ற சான்று) கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. எட்டு வயதுக்கு மேல் வருடா வருடம் எப்.சி. காட்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும், சோதனையும் கடுமையாகும். அதில் தேறும்வரை வண்டி உங்களுடையது.

ஆனால் வெளி மாநிலங்களுக்கு ஓட்டத் தேவையான நேஷனல் பர்மிட் வேறு விஷயம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 88-ஆவது விதியின்படி சாதாரண சரக்கு வண்டிக்கு 12 வயது வரைக்கும், மல்டி ஆக்சில் (இரண்டு அச்சுக்கு மேல் உள்ள) வண்டிக்கு 15 வயது வரைக்கும்தான் நேஷனல் பர்மிட். உங்களுடையது மல்டி ஆக்சில் என்பதால் 2027-இல் அந்தப் பர்மிட் முடிகிறது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு பர்மிட்டில் உள்ளூர் ஓட்டம் ஓட்டலாம். சிமெண்ட், ஜல்லி, தீவன லோடு எல்லாம் உங்கள் பக்கம் கிடைக்கிறதுதானே. வாடகைக் கணக்கைப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று தோன்றினால் அப்போது விற்கலாம். உடைக்கவே முடிவு செய்தால் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் மட்டும் கொடுங்கள். அங்கே தரும் வைப்புச் சான்றிதழை வைத்துப் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லாமல் பதியலாம்; வரியிலும் சலுகைக்கு மத்திய விதி இடம் தருகிறது. இரும்புக் கடைக்குப் போட்டால் அந்தச் சான்றிதழும் வராது, உங்கள் பெயரில் ஆர்.சி.யும் உயிரோடு இருக்கும். அந்தச் சேஸிஸ் எண்ணை வேறு வண்டியில் ஏற்றி ஓட்டி, கேஸ் பழைய உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

டெல்லி விஷயம்

புக்கிங் ஆபீஸில் சொன்னதில் பாதி உண்மை. காற்றுத்தர மேலாண்மை ஆணையம் 2025 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, டெல்லியில் பதிவாகாத சரக்கு வண்டிகளில் பி.எஸ்.6, சி.என்.ஜி., எல்.என்.ஜி., மின்சார வண்டிகள்தான் 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் நுழையலாம். பி.எஸ்.4 வண்டிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் 2018 வண்டி பி.எஸ்.4. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ்.3 வண்டியை விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டதால் அதில் சந்தேகம் வேண்டாம். எதற்கும் ஆர்.சி.யில் புகை விதி என்ன என்று போட்டிருக்கிறது என ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி 2026 அக்டோபர் வரை டெல்லிக்குள் போகலாம். ஆனால் குளிர்காலத்தில் காற்று மோசமானால் படிப்படியாகக் கட்டுப்பாடு போடுவார்கள். அந்த நாட்களில் பி.எஸ்.4-ஐ எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். லோடு பிடிக்கும்போதே, இறக்கும் இடம் டெல்லிக்குள்ளா, இல்லை சோனிப்பட், காஜியாபாத் மாதிரி வெளியிலா என்று பில்லைப் பார்த்துக் கேளுங்கள். டெல்லியைத் தொடாமல் கிழக்கு, மேற்கு சுற்றுச் சாலைகளில் தாண்டிப் போகும் லோடுக்கும் டெல்லிக்குள் இறக்கும் லோடுக்கும் சட்டம் ஒன்றல்ல.

2012 வண்டியை மட்டும் அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள். டெல்லி மட்டுமில்லை, அதைச் சுற்றிய தேசிய தலைநகர் வட்டாரம் முழுவதிலுமே 10 வயது கடந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது; 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் கிடைத்த பாதுகாப்பும், அதே வருடம் டிசம்பரில் பி.எஸ்.4-உம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்குத்தான் என்று சுருங்கிவிட்டது. உங்களுடையது பி.எஸ்.3. நேஷனல் பர்மிட் முடியும்வரை ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா என்று ஓட்டிக்கொள்ளுங்கள்.

இனி அந்த யூரியா விஷயம்

அண்ணா, போன வருடம் ஒரு டிரைவர் என் ஆபீஸுக்கு வந்து மேஜை மேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு டேப் சுற்றியிருந்தது, இரண்டு பக்கமும் ஒயர் தொங்கியது. ‘யூரியா கட்’ என்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். டேங்கில் யூரியா இருக்கிறது, ஊசி பீய்ச்சுகிறது, சென்சார் நன்றாக இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு அது பொய் சொல்லும். லைட் அணைந்துவிடும். அதை மாட்டச் சொன்னது முதலாளி. வடக்கே ஒரு சோதனையில் பிடிபட்டது இந்த டிரைவர். லைசென்ஸ் கைவிட்டுப் போய், வேலையும் போய், மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலாளி போனை எடுக்கவில்லை. உங்கள் மைத்துனரை அந்த நாற்காலியில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டுகிறவருக்கும், ஓட்ட விடுகிறவருக்கும் 190-ஆவது பிரிவின் 2-ஆவது உட்பிரிவு பொருந்தும்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. ‘ஓட்ட விடுகிறவர்’ என்ற சொல் உங்களையும் உள்ளே இழுக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

“ஸ்டாண்டுல பாதிப் பேர் பண்ணியிருக்காங்க, புகைச் சான்றும் பாஸ் ஆகுது” என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ் ஆகும்தான். டீசல் வண்டிக்கான புகைச் சோதனை, ஆக்சிலேட்டரை அழுத்தி வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டும்தான் பார்க்கிறது. யூரியா அடக்குவது நைட்ரஜன் ஆக்சைடை. அது அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. சைலன்சருக்குள் சூடான புகையில் யூரியாக் கரைசல் பட்டு அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. கனரக இன்ஜினுக்கு பி.எஸ்.4-இல் கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் இருந்த வரம்பு, பி.எஸ்.6-இல் 0.4 கிராம். பின்னால் யூரியா சுத்தம் செய்துவிடும் என்று நம்பித்தான் இந்த இன்ஜினை அமைத்திருக்கிறார்கள். யூரியாவை நிறுத்திவிட்டால் அந்தப் புகை முழுசாக வெளியே வரும். புகைச் சான்று கையில் இருப்பதால் மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது.

அந்தப் புகையை முதலில் குடிப்பது யார்? லோடு இறக்கும் கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும்போது பின்னால் மூட்டை தூக்குகிறவர், அடியில் பாய் விரித்துப் படுக்கிற கிளீனர். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. நீங்கள் கிளீனராக இருந்தவர். இதைச் சொல்லாமல் சட்டப் பிரிவை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

லாபக் கணக்கையும் பார்ப்போம். மாதம் 8,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 2,000 லிட்டர் டீசல். 100 லிட்டருக்கு 3 முதல் 5 லிட்டர் யூரியா போகும். நடுவில் 4 என்று வைத்தால் 80 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 4,800 ரூபாய். இதற்காக வாரண்டியை முழுசாகக் கைவிடுவதா? நாளைக்கு விபத்தோ தீயோ நடந்தால், வண்டியில் ஒயரை வெட்டி ஒட்டியிருக்கிறது என்று இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிவிட்டால் அங்கிருந்து தொடங்கும் வழக்கை நடத்த எவ்வளவு ஆகும் என்று யோசியுங்கள். வண்டியை விற்கும்போதும், மாற்றியதை மறைத்து விற்றால் வாங்கியவர் உங்கள் மேல் மோசடிப் புகார் கொடுக்கலாம்.

வண்டி ஏன் ஊர்ந்தது

அது கோளாறு மட்டுமில்லை, விதியே அப்படித்தான். யூரியா தீர்ந்தாலோ, தரம் தப்பினாலோ, ஊசி அடைத்தாலோ முதலில் லைட். கவனிக்காவிட்டால் இழுவை கால்வாசி குறையும். அதையும் விட்டுவிட்டால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதனால் லைட் எரிந்த அன்றே பார்ப்பதுதான் மலிவு.

நாக்பூர் பக்கம் மைத்துனர் ஒரு முறை லூசில் விற்ற யூரியாவை வாங்கி ஊற்றியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இதை மறைத்திருந்தால் என் ஆலோசனையே தப்பாகியிருக்கும். நல்ல கரைசலில் 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு ஊசியை அடைத்துவிடும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேப்பெண்ணெய் பூசியது. டேங்க் மூடியைத் திறந்தால் வேப்ப வாசம் அடிக்கும். வண்டியையும் கெடுக்கும், உழவருக்கு மானியத்தில் வரும் உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ்க் குற்றமும்கூட. ஐ.எஸ்.ஓ. 22241 என்று போட்ட, சீல் உடையாத கேனை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். பில்லை டிரிப் ஷீட்டோடு பின் பண்ணி வையுங்கள். டீசல் ஊற்றிய புனலால் யூரியா ஊற்றக் கூடாது. வண்டி தன் கரி வடிகட்டியில் சேர்ந்த கரியைத் தானாக எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் பாதியில் ஆஃப் செய்யக் கூடாது. ஏசிக்காக ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினாலும் அந்தக் கரி வடிகட்டி சீக்கிரம் அடைக்கும்.

அந்த 68,000 ரூபாய்

இதில்தான் உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. உங்கள் வாரண்டி 2027 வரை இருக்கிறது. முதல் இரண்டு முறை வண்டி விட்டபோது யூரியாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. லூசு யூரியா ஊற்றியதோ, நீங்கள் சொல்கிறபடி, இரண்டாவது சர்வீஸுக்குப் பிறகு. அப்படியானால் அதற்கு முன்பே இருந்த கோளாறுக்கு அந்த யூரியா எப்படிக் காரணமாகும்? இந்தக் கேள்வியை வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். மூன்று ஜாப் கார்டு (ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைச் சீட்டு) நகல், ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் எடுத்த பிழைக் குறியீட்டின் பிரிண்ட், யூரியா தரமில்லை என்று எந்தச் சோதனையில் கண்டார்கள் என்ற அறிக்கை, கழற்றிய பழைய உதிரி பாகங்கள் ஆகிய நான்கையும் கேட்டு டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். லூசு யூரியா ஊற்றியதை மறுக்க வேண்டாம். கேட்டால் தேதியோடு சொல்லுங்கள். உங்கள் வாதம் தேதியில்தான் நிற்கிறது.

பதில் சரியில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். “லாரி வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் இல்லை” என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று 2019 சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-லேயே, தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டோடு சொல்லியிருக்கிறது. உங்களிடம் மூன்று வண்டி இருப்பது பலவீனம்தான், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பிரச்சினைக்குரிய வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள். டிரிப் ஷீட், டோல்கேட் பதிவு, உங்கள் லைசென்ஸ் எல்லாம் அதற்குச் சாட்சி. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தீபாவளியில் தொடங்கியது என்பதால் நேரம் இருக்கிறது. ஆனால் ஒன்று: வண்டியில் அந்தப் பெட்டியை மாட்டிவிட்டீர்கள் என்றால் இந்த வழக்கு அன்றைக்கே செத்துவிடும்.

அதனால் இந்த நடை முடிந்து வண்டி வந்ததும் அந்தப் பட்டறைக்கு விடாதீர்கள். முன்பணத்தைக் கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் 5,000 போகட்டும். மைத்துனரை உட்காரவைத்து, லூசு யூரியா ஊற்றிய தேதியும் ஊரும் அவருக்கு நினைவிருக்கும்போதே ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள். யூரியா டேங்க் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும். துடைப்பதற்கு முன் அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஜாப் கார்டு நகல்கள் கையில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நோட்டீஸை நானே எழுதித் தருகிறேன்.